அடுப்படியில் வந்து நின்றவள்

கொஞ்சம் நகந்துக்க தாயி. இந்தப் பைய மடியில வச்சுக்கிறேன், மிதிச்சுறாத, உள்ள வெத்தலயும் எலுமிச்சம்பழமும் இருக்கு. கோழி கீழி ஒண்ணுமில்ல, பயப்படாத. கீழச்சூலம் விலக்குல, ரோடு பிரியிற எடத்துல எறங்கணும். எனக்கு எழுத்துத் தெரியாது, போர்டப் பாத்ததும் ஒரு சத்தம் குடு. நீ எதுவரைக்கும் போற? அப்பச் சரி, எனக்கு அங்கிட்டுத்தான் எறங்குவ.

கீழச்சூலத்துல எனக்குச் சொந்தமெல்லாம் கெடையாது. ஒரு கோடாங்கி இருக்கான். உடுக்கையடிச்சுக் குறி சொல்லுவான், பேய் பிசாசுன்னா ஓட்டிவிடுவான். மூஞ்சிய அப்படி வைக்காத தாயி. படிச்ச புள்ளைன்னு பாத்தாலே தெரியுது. நானும் இதையெல்லாம் நம்பாத ஆளுதான். என் மாமியா செத்த புதுசுல கெழவி வந்து மாட்டுத்தொழுவத்துல நிக்கிறான்னு தெருவே சொல்லுச்சு. நின்னா நிக்கட்டும், சாணிய அள்ளிப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்கன்னேன். அப்படிப்பட்டவ நான். ஆனா நம்ம வீட்டுக்குள்ள, நம்ம அடுப்படியில, நம்ம கண்ணு முன்னால நடந்தா என்ன செய்வ சொல்லு.

என் மருமக. நாகஜோதின்னு பேரு. செத்துப்போனா. ஆனா போகல.

ஆடியில காய்ச்சல்னு படுத்தா. சாதாரணக் காய்ச்சல்தானேன்னு கசாயம் வச்சுக் குடுத்தோம், ஊசி போட்டோம். பெறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாக. போனவ நடந்து போனா, வந்தவ துணிக்குள்ள வந்தா. புள்ள குட்டி ஏதும் இல்ல. எனக்கு ஒரே மகன், மாரீஸ்வரன்னு பேரு. மோட்டாருக்குக் காயில் கட்டுற பட்டறையில வேலை பாக்கான். கைவேலக்காரன். ஆனா வீட்டுக்குள்ள வந்துட்டா தண்ணி டம்ளர் எங்க இருக்குன்னு தெரியாது அவனுக்கு. சட்டைய அவுத்துக் கெடாசிட்டு உக்காந்தா, தட்டு அவன் முன்னால வரணும். நாந்தான் அப்படி வளத்தேன். ஆம்பளப் புள்ளைய வேற எப்படி வளக்க?

அவ போனதும் படுத்தான். செவத்தப் பாத்துப் படுத்தான். பங்காளி வீடுகள்ல இருந்து சோறு வந்துச்சு, அப்படியே இருந்து காஞ்சுச்சு. வந்தவுகெல்லாம், "தம்பி, நீ ஒண்ணும் பாக்காத, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நீ உக்காரு"ன்னாக. உக்காரு, உக்காருன்னு சொல்லிச் சொல்லியே அவன ஒரு மூலையில உக்கார வச்சிட்டாக. பந்தக்காலுக்குக் குழி தோண்டுறேன்னு ஒரு தடவ எந்திரிச்சான். கடப்பாரையப் பிடுங்கிட்டாக. கருமாதியும் முடிஞ்சுச்சு. எல்லாரும் பஸ் ஏறிப் போயிட்டாக. அவன் செவத்தோடயே கெடந்தான்.

எனக்கு அப்ப ஒரு பயம் பிடிச்சுச்சு பாரு தாயி, அது வேற பயம். எங்க வீட்டுக்குப் பின்னால ரயில் போகும். ரயில் சத்தம் கேட்டா ஓடிப்போயி அவன் படுத்திருக்கானான்னு பாப்பேன். படுத்திருப்பான். மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரல வைப்பேன். அவன் கண்ணத் தொறந்து பாப்பான். அந்தப் பார்வைக்கு நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். வீட்டு வாசப்படியில தலைய வச்சுத்தான் படுப்பேன், என்னத் தாண்டாம அவன் வெளிய போக முடியாதுல்ல.

அப்படிப் படுத்திருக்கேன் ஒரு நாளு. விடியப் போகுது, காக்கா கத்திருச்சு. அடுப்படியில இருந்து சத்தம் வருது. டங், டங்.

தாயி, அந்தச் சத்தம் உனக்குத் தெரியாது. என் மருமக எதக் கிண்டுனாலும் கரண்டிய எடுத்துச் சட்டி விளிம்புல ரெண்டு தட்டுத் தட்டுவா. ஒண்ணு இல்ல, மூணு இல்ல, ரெண்டு. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து சொல்றேன், அடியே சட்டி நெளிஞ்சிரும், தட்டாதடி, தட்டாதடின்னு. கேட்டாத்தானே? என் பாத்திரம் எல்லாத்துக்கும் விளிம்பு நெளிசல்தான். அந்த நெளிசல நீ வந்து பாக்கணும். அவ்வளவு அழுத்தக்காரி.

எந்திரிக்க முடியல. திரும்பி மகனப் பாத்தா, பாய் காலியாக் கெடக்கு. போச்சு, கூட்டிட்டுப் போயிட்டா, வந்து கூட்டிட்டே போயிட்டான்னு நெனச்சேன். கையில கெடைச்சது வெளக்கமாறு. அத எடுத்துக்கிட்டு, கொலதெய்வத்தக் கும்பிட்டுக்கிட்டு அடுப்படிக்குப் போனேன். வெளக்கமாத்தக் கண்டா அதுக கிட்ட வராதுன்னு சொல்லுவாகல்ல.

அங்கன யாரு நிக்கிறான்னு நெனைக்கிற? மாரீசு நிக்கான். முதுகக் காட்டிக்கிட்டு நிக்கான். இடது தோள்ல அவ போடுற கைத்துண்டு. அவளும் இடது தோள்லதான் போடுவா. டீ கொதிக்குது. சுக்கு வாசம். எங்க வீட்டுல சுக்குப் போட்டு டீ வச்சது அவ ஒருத்திதான். நான் வெறும் டீத்தான் வைப்பேன். அவன் திரும்பி எங்கிட்ட ஒரு டம்ளர நீட்டி, "சீனி கொறச்சுத்தாம்மா போட்ருக்கேன், ஒனக்கு ஆகாதுல்ல"ங்கிறான்.

அது அவ பேச்சு தாயி. அட்சரம் மாறாம அவ பேச்சு. எனக்குச் சீனி இருக்குங்கிறதே அவனுக்குத் தெரியாது. நெசமாத் தெரியாது. எந்த நாளும் கேட்டதில்ல.

டீயக் குடிச்சேனா? குடிச்சேன். குடிக்காட்டி அதுக்குக் கோவம் வந்து அவன எதுவும் செஞ்சிருச்சுன்னா? பயந்துக்கிட்டே குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு.

அதுக்கு மேல ஒவ்வொண்ணாக் கூடிப்போச்சு. அரிசியில கல்லுப் பொறுக்குறான், ஒரு கால மடக்கி ஒரு கால நீட்டி, அவ உக்காருற மாதிரியே. சட்டையத் தலகீழாக் காயப் போடுறான். நான் மேல்பக்கந்தான் போடுவேன், அவ வந்துதான் தலகீழாப் போட்டா, அதுக்கு ஒரு சண்ட. கருவேப்பிலைய ஈரத்துணியில சுத்தி வைக்கான். காய்க்காரிகிட்ட, "நேத்துக் குடுத்த கத்திரிக்கா பூரா சொத்தை"ன்னு அடிச்சுப் பேசுறான். அந்தக் காய்க்காரி திகைச்சுப்போயி என்னப் பாக்கா. பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்திட்டு இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "ஆச்சுடா சாமி"ங்கிறான். அது அவ சொல்றது. அதக் கேட்ட அன்னைக்கு நான் குளிக்கிற எடத்துல போயி உக்காந்து நடுங்கிக்கிட்டு இருந்தேன்.

எனக்கு ஒரு வேலையும் இல்ல. நான் எந்திரிச்சா, "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கிறேன்"ங்கிறான். நானும் உக்காந்தே கெடந்தேன். உக்காந்து அவன் முதுகப் பாத்துக்கிட்டே கெடந்தேன். எப்ப அவன் திரும்புவான், திரும்புனா மூஞ்சி யாரு மூஞ்சியா இருக்கும்னு. உக்காந்து கெடந்தா நெனப்பு எங்கெங்கயோ போகுது தாயி.

ஒரு நாளு மனசத் தேத்திக்கிட்டு அவங்கிட்டயே கேட்டேன். "ஏம்ப்பா, நீ எதுக்கு இதையெல்லாம் செய்யிற? ஒனக்கு என்ன செய்யுது?" வெங்காயம் வதக்கிக்கிட்டு இருந்தான். கிண்டிக்கிட்டே சொல்றான், "இங்கன நிக்கும்போது எனக்கு எந்த யோசனையும் வரலம்மா. வெங்காயம் செவந்துருச்சா, புளி கரைச்சாச்சா, அம்புட்டுத்தான். கை பாட்டுக்குச் செய்யுது. படுத்தாத்தான் எல்லாம் வந்து அமுக்குது."

கேட்டியா? யோசனை வரலையாம். கை பாட்டுக்குச் செய்யுதாம். அப்ப யோசிக்கிறது யாரு? அந்தக் கைய ஆட்டுறது யாரு? அவன் வாயாலேயே சொல்லிட்டான்ல?

எதுத்த வீட்டு ராக்கு மதினிகிட்டச் சொன்னேன். அவதான் இந்தக் கோடாங்கியக் காட்டிவிட்டா. மாரீசு போட்ட சட்டை ஒண்ண எடுத்துக்கிட்டு அவனுக்குத் தெரியாம வந்தேன். கோடாங்கி சட்டைய முன்னால போட்டு உடுக்கைய அடிச்சான். அடிச்சவன் டக்குன்னு நிறுத்திட்டு, "அடுப்படியில ஒரு பொம்பள நிக்கிறா, இடது தோள்ல துண்டு கெடக்கு"ன்னான். நான் ஒரு வார்த்த சொல்லல தாயி. ராக்கு மதினி சொன்னாளான்னு கேட்டா, அவ சொல்லியிருக்க மாட்டா. சொல்லியிருந்தாலும் அந்தத் துண்டு இடது தோள்ல கெடக்குன்னு எப்படித் தெரியும்? சரி, அவகிட்ட அதையும் சொன்னேந்தான். அது கெடக்கட்டும்.

கோடாங்கி சொன்னான்: "பசியோட போன உசுரு. உன் மகன் கைய வச்சுச் சமைக்குது, உன் மகன் வாய வச்சுத் திங்குது. என்னைக்கு அதுக்கு வயிறு நெறையுதோ, அன்னைக்கு அவனையும் கூட்டிக்கிட்டுக் கெளம்பிரும். அம்மாவாசைக்கு அவனக் கூட்டிட்டு வா, எறக்கிவிடுறேன். அதுவரைக்கும் அடுப்படிக்குள்ள விடாத."

நெசந்தான் தாயி, ஆஸ்பத்திரியில அவளுக்கு ஒண்ணும் குடுக்க விடல, ட்யூப்புத்தான். பசியோடதான் போனா.

அன்னைக்கு வீட்டுக்குப் போறேன், மாரீசு உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். முள்ளங்கி சாம்பாரு. செவத்தோட கெடந்தப்ப வாயில தண்ணி கூட வைக்காதவன், ரெண்டாந்தடவ சோறு போட்டுக்கிறான். பெத்தவளுக்கு அதப் பாத்தா எப்படி இருக்கணும்? வாங்குற ஒவ்வொரு வாய்க்கும், போதும் சாமி, போதும் சாமின்னு உள்ளுக்குள்ள கத்துறேன். தட்டப் பிடுங்கவா முடியும்? கன்னம் தெரிய ஆரம்பிச்சிருச்சு அவனுக்கு. சவரம் பண்ணியிருந்தான். தெருவுல எல்லாரும், "மகன் தெளிஞ்சுட்டான்போல"ன்னு சொல்றாக. தெளியலடி, தீவனம் போட்டுத் தேத்துறாடின்னு நான் எப்படிச் சொல்ல?

மறுநாளு அடுப்படியப் பூட்டிட்டேன். சிலிண்டர் ஒழுகுது, ஆள் வரணும்னு சொன்னேன். சாவிய முந்தியில முடிஞ்சுக்கிட்டேன். கடையில இட்லி வாங்கி வச்சேன். அவன் கதவத் தொட்டுப் பாத்தான், பூட்டத் தொட்டுப் பாத்தான். போயிப் பழைய எடத்துல செவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டான்.

நான் சந்தோசப்பட்டேன் தாயி. ஒங்கிட்டச் சொல்றதுக்கென்ன. அது வலுவிழந்து போச்சுன்னு சந்தோசப்பட்டேன். அடுத்த நாளும் படுத்திருந்தான். அதுக்கு அடுத்த நாளும். இட்லி அப்படியே இருக்கு. ரயில் சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சு ஓடுனேன். மூக்குல விரல வச்சேன். கண்ணத் தொறந்து பாத்தான் பாரு, அதே பார்வை. ஆளே இல்லாத வீட்ட எட்டிப் பாத்த மாதிரி இருந்துச்சு.

அந்த எடத்துல எனக்கு எது பயம்னே தெரியாமப் போச்சு. அவ இருந்தாலும் பயம், அவ இல்லாட்டியும் பயம். அவ இருந்தா என்னைக்கோ ஒரு நாளு கூட்டிட்டுப் போவா. இல்லாட்டி இவன் இன்னைக்கே போயிருவான் போல இருக்கே. என் கண்ணு முன்னால செவத்தப் பாத்துக்கிட்டே போயிருவானே.

ஓடிப்போயிப் பூட்டத் தொறந்தேன். அடுப்பப் பத்த வச்சேன். பால ஊத்துனேன், டீத்தூளப் போட்டேன். சுக்க எங்க வச்சிருந்தான்னு தெரியல, தேடித் தேடிக் கைக்குச் சிக்கல. அழுகையா வருது. கரண்டிய எடுத்துச் சட்டி விளிம்புல தட்டுனேன். டங், டங். வா, வந்து தொலைன்னு தட்டுனேன். இந்த ஒலகத்துல எந்தப் பொம்பளையாவது பேய இப்படிக் கூப்பிட்டிருப்பாளா? வெத்தல பாக்கு வச்சு அழைக்காததுதான் கொற.

ரெண்டாந்தடவ தட்டும்போது பின்னால நிக்கான். மூணு நாள் தாடியோட, தள்ளாடிக்கிட்டு. "அம்மா, சட்டி நெளிஞ்சிரும்மா"ங்கிறான். லேசாச் சிரிக்கான். கரண்டிய எங்கையில இருந்து வாங்கிக்கிட்டான். சுக்க எடுத்து அம்மியில நசுக்குனான். தீயக் கொறச்சான். நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

அம்மாவாசைக்கு அவனக் கூட்டிட்டுப் போகல. கோடாங்கி ஆள் விட்டான், மேலுக்கு முடியலன்னு சொல்லியனுப்பிட்டேன். அன்னைக்குப் பூரா அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், இந்தா போயிருவான், இந்தா போயிருவான்னு. அவன் வாழக்கா பஜ்ஜி போட்டான். போட்டு எதுத்த வீட்டுக்கும் குடுத்துவிட்டான். அடுத்த அம்மாவாசையும் போச்சு. நானும் தெனம் பயந்துக்கிட்டே அவன் சமைச்சதத் தின்னேன். அவனும் தின்னான். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சான். பட்டறைக்குப் போக ஆரம்பிச்சான்.

இப்ப என்னன்னு கேளு.

இப்பக் கொஞ்ச நாளா அவன் கரண்டியத் தட்டுறதில்ல. மொதல்ல எனக்கு ஒறைக்கல. ஒரு நாளு விடிய எந்திரிச்சுக் காத வச்சுக் கேக்கேன், சத்தம் இல்ல. சமைக்கத்தான் செய்யிறான், சத்தம் இல்ல. டீயில சுக்குப் போயி ஏலக்கா வந்துருச்சு. பட்டறையில யாரோ ஒருத்தன் அப்படித்தான் வைப்பானாம். சட்டையக் கொடியில எப்படியோ வீசிட்டுப் போறான், மேலும் இல்ல, கீழும் இல்ல. போன வெள்ளிக்கெழம, "அம்மா, இன்னைக்குச் சமையல் வேணாம், புரோட்டா வாங்கிட்டு வாரேன்"ங்கிறான். போன்ல எவங்கிட்டயோ கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். ராக்கு மதினி வந்து, "சீனியம்மா, எறங்கிருச்சுடி, தானா எறங்கிருச்சு, பிள்ளையாருக்குத் தேங்கா ஒடை"ன்னா. ஒடைச்சேன். அவ முன்னால ஒடைச்சேன்.

ஒடைச்சிட்டு வந்து அடுப்படியில நின்னேன். அவன் வேலைக்குப் போயிட்டான். எல்லாப் பாத்திரமும் கவுந்து கெடக்கு. கைத்துண்டு ஆணியில தொங்குது. இத்தன மாசமா அது இருக்குன்னு பயந்தவ நான். அது இல்லன்னு தெரிஞ்சதும் அங்கன நிக்கவே பயமா இருக்கு. இப்ப மதியத்துக்கு நாந்தான் ஒல வைக்கணும். வைக்க ஓடல. அவன் வந்து கேட்டா, சாப்பிட்டேன்னு சொல்லிருவேன். சாப்பிடத்தான் இல்ல. நாலு நாளா எனக்கு எதுவும் தொண்டைக்குள்ள போகல. செவத்தோரமா ஒரு பாய விரிச்சுப் படுத்துக்கிடுறேன், அவன் பட்டறைக்குப் போனதும்.

பெறகு எதுக்குக் கோடாங்கிகிட்டப் போறேன்னு கேக்குற. கேப்பன்னு தெரியும்.

ஓட்டச் சொல்றதுக்குப் போகல. இருக்காளா, தூரமாப் போயிட்டாளான்னு குறி கேக்கப் போறேன். பக்கத்துல எங்கனயாவது நின்னா, ஒரு கட்டுக் கட்டி வீட்டுலயே நிப்பாட்டச் சொல்லப் போறேன். மகன் மேல வேணாம், அவன் பொழைச்சுட்டான், இருக்கட்டும். என் மேல வரச் சொல்லணும். என் கைய வச்சு அவ சமைக்கட்டும். எனக்கென்ன, கிழவி, கூட்டிட்டுப் போனாத்தான் போறேன். கோடாங்கி சிரிப்பான், தெரியும். வந்த பேய விடமாட்டேன்னு சொன்ன மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

என்ன தாயி, கண்ணத் தொடைக்கிற? தூசியா? அந்த ஜன்னலச் சாத்து.

இந்தா, இதா விலக்கு? சொல்லு சொல்லு, நிப்பாட்டச் சொல்லு, கண்டக்டரு விசில் அடிச்சிருவாரு. பையக் குடு.

எனக்கு ஒரே ஆத்தாமைதான் தாயி. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல ஏறும்போதும் அவ என் மூஞ்சியப் பாக்காமத்தான் போனா. இம்புட்டு மாசம் அவங்கூடவே நின்னு சமைச்சுப் போட்டவ, இப்பவும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. போறது போற, அடுப்படி வாசல்ல வந்து நின்னு, "அத்தே, போயிட்டு வாரேன்"னு ஒரு வார்த்த சொன்னா என்ன?